வீட்டு ரூட்டரில் வைஃபை அமைப்பது: கடலூர், புதுச்சேரி வீடுகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஃபைபர் இணைப்பு வாங்கியவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே வைத்திருக்கிறோம். ரூட்டருக்கு ரூட்டர் திரையின் தோற்றம் மாறும். மெனுவில் வரும் பெயர்கள் பெரிதாக மாறாது. வரிசையாகப் படித்தால் பின்னால் வரும் பதில்கள் எளிதில் புரியும்.

1. ஆள் வந்து ரூட்டரை மாட்டிட்டுப் போய்ட்டார். செட்டிங்ஸை எங்க போய்ப் பார்க்கிறது?

ரூட்டரைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். அதில் ஒரு முகவரி இருக்கும்: பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. வைஃபையில் சேர்ந்த போனிலோ கணினியிலோ பிரவுசரைத் திறந்து, மேலே முகவரி அடிக்கும் இடத்தில் அந்த எண்ணை அப்படியே அடித்தால் உள்நுழையும் பக்கம் வரும். ஸ்டிக்கர் அழிந்திருந்தால் போனின் வைஃபை செட்டிங்ஸில் உங்கள் இணைப்பின் பெயரைத் தொட்டு, 'கேட்வே' என்ற வரியைப் பாருங்கள். அங்கே இருப்பதுதான் ரூட்டரின் முகவரி.

ஸ்டிக்கரில் இரண்டு பாஸ்வேர்டுகள் இருக்கும். ஒன்று வைஃபையில் சேர்வதற்கு. மற்றொன்று இந்த செட்டிங்ஸ் பக்கத்துக்குள் நுழைவதற்கு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அடித்துவிட்டு 'தப்புன்னு சொல்லுது' என்பவர்கள் நிறைய. சில நிறுவனங்கள் தரும் பெட்டியில் வாடிக்கையாளருக்கு ஒரு லாகின், டெக்னீஷியனுக்கு வேறு லாகின் என்று இருக்கும். உங்கள் லாகினில் வைஃபை பகுதி மட்டும் திறந்தால் அதுவே போதும்.

2. அந்த நம்பரை அடிச்சா கூகுள் தேடல்தான் வருது. சில நேரம் 'பக்கம் கிடைக்கல'ங்குது. ஏன்?

தேடல் வந்தால் எண்ணில் பிழை: புள்ளிக்குப் பதில் காற்புள்ளி, நடுவில் ஓர் இடைவெளி, இப்படி ஏதாவது. 'பக்கம் கிடைக்கவில்லை' என்று வந்தால் முதலில் போனின் மொபைல் டேட்டாவை அணையுங்கள். வைஃபையில் இணையம் வராதபோது போன் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். அங்கே போய் உங்கள் வீட்டு ரூட்டரைத் தேடினால் கிடைக்காது.

'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்ற எச்சரிக்கை வந்தால், உங்கள் சொந்த வைஃபையில், உங்கள் சொந்த ரூட்டர் முகவரியில் இருக்கும்வரை தாண்டிப் போகலாம். ரூட்டர் தன் சான்றிதழைத் தானே எழுதிக்கொள்வதால் பிரவுசர் அப்படிச் சொல்கிறது. பேங்க் பக்கத்தில் இதே எச்சரிக்கை வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

3. உள்ள போய்ட்டேன். முதல்ல எதை மாத்தணும்?

இந்த வரிசையில் போங்கள். முதலில் செட்டிங்ஸ் பக்கத்தின் பாஸ்வேர்டு. 'அட்மின்' என்றே பெயரும் பாஸ்வேர்டும் இருந்தால், உங்கள் வைஃபையில் சேர்ந்த யாரும் உள்ளே நுழைந்து எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். இரண்டாவது வைஃபை பெயர், அதாவது எஸ்எஸ்ஐடி. மூன்றாவது செக்யூரிட்டி வகை. நான்காவது வைஃபை பாஸ்வேர்டு. ஐந்தாவது, 'ரிமோட் மேனேஜ்மென்ட்' (வெளியிலிருந்து ரூட்டர் செட்டிங்ஸைத் திறப்பது) என்று ஒன்று இருந்தால் அது அணைந்திருக்கிறதா என்று பார்ப்பது.

எதையும் மாற்றுவதற்கு முன் 'வான்' (வெளியிலிருந்து வரும் இணைப்பு) அல்லது 'இன்டர்நெட்' பக்கத்தைத் திறந்து அப்படியே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அங்கே இருக்கும் பயனர்பெயர், விஎல்ஏஎன் எண் எதையும் தொடாதீர்கள். இணையம் வருவது அதனால்தான். வைஃபைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வைஃபை பெயரையோ பாஸ்வேர்டையோ மாற்றிச் சேமித்ததும் உங்கள் போனே துண்டிக்கப்படும். பயப்பட வேண்டாம், புதிய பெயரில் மறுபடி சேருங்கள்.

4. வைஃபைக்குத் தமிழ்ல பேரு வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் சிறிய பெயராக. எஸ்எஸ்ஐடிக்கு 32 பைட்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் உயிர், 'க' போன்ற எழுத்து, மெய்யின் புள்ளி, துணைக்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும். 'புதுச்சேரி' 30 பைட், இடித்துக்கொண்டு உள்ளே போய்விடும். 'கடலூர்' 18 பைட். 'திருப்பாதிரிப்புலியூர்' 66 பைட், போகவே போகாது.

பழைய பிரிண்டர், கேமரா போன்றவை தமிழ்ப் பெயரைக் கட்டம் கட்டமாகக் காட்டலாம், சில சேரவும் மறுக்கலாம். அவை வீட்டில் இருந்தால், ரூட்டரின் இரண்டு அலைவரிசைகளில் (7ஆம் பதில்) 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஆங்கிலப் பெயரும், 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தமிழ்ப் பெயரும் வைத்துக்கொள்ளுங்கள். பெயரில் கதவு எண்ணோ வீட்டுக்காரர் பெயரோ வேண்டாம். தெருவில் நிற்பவருக்கு அதைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. வைஃபை பாஸ்வேர்டை மட்டும் ஆங்கில எழுத்திலும் எண்ணிலுமே வையுங்கள்.

5. செக்யூரிட்டில அஞ்சாறு பேர் வருது. எதைத் தொடணும்?

'டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3' என்று கலந்து வருவது இருந்தால் அது. இல்லையென்றால் 'டபிள்யூபிஏ2 பர்சனல்', கூடவே 'ஏஇஎஸ்'. இவ்வளவுதான். 'டபிள்யூஇபி' 2001லேயே உடைக்கப்பட்டுவிட்டது, அதைப் போட்டாலும் திறந்து வைத்தாலும் ஏறக்குறைய ஒன்று. 'டிகேஐபி' என்பதையும் தவிர்த்துவிடுங்கள். அதைத் தேர்ந்தெடுத்தால் பாதுகாப்பு குறைவது மட்டுமல்ல, வேகமும் 54 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறாது. புது ரூட்டர் வாங்கியும் ஆமை வேகத்தில் ஓடும் சில வீடுகளில் இந்த ஒரு வரிதான் காரணம்.

'டபிள்யூபிஏ3 மட்டும்' என்று வைத்தால் பழைய போன், டிவி எதுவும் சேராது. கலந்த வகையிலும் ஏதாவது ஒரு சாதனம் முரண்டு பிடித்தால் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்ஸுக்கு இறங்குங்கள். நல்ல பாஸ்வேர்டு இருந்தால் வீட்டுக்கு அது போதும்.

6. பாஸ்வேர்டா என் செல் நம்பரை வெச்சிருக்கேன். பத்து இலக்கம் இருக்கே, போதாதா?

போதாது. உங்கள் போன் வைஃபையில் சேரும் அந்தக் கணத்தை வெளியிலிருந்து ஒருவர் பதிவு செய்துகொண்டு போய், வீட்டில் உட்கார்ந்து எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க முடியும். இந்திய செல் எண்கள் 6, 7, 8, 9ல் தொடங்குபவை. மொத்தம் 400 கோடி சாத்தியங்கள். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒரு நொடியில் பத்து லட்சத்துக்கு மேல் சரிபார்க்கும். கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டினால் எல்லாமே முடிந்துவிடும். உங்கள் எண்ணே தெரிந்தவருக்கு அந்த ஒரு மணி நேரமும் வேண்டாம்.

8 முதல் 63 எழுத்து வரை வைக்கலாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதி, நடுவில் இரண்டு எண்களைச் செருகுங்கள்: முருங்கை, ஜன்னல், பரிசல், சுக்கு என்பது போல. இந்த நான்கையே எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் நான்கை யோசியுங்கள். பாட்டிக்கும் சொல்லித்தர முடியும், கிராஃபிக்ஸ் கார்டுக்கும் எட்டாது.

7. ஒரே ரூட்டர், ஆனா ரெண்டு பேர் காட்டுது. 2.4, 5. எதுல சேர்றது?

ரூட்டர் இருக்கும் அறையிலும் அடுத்த அறையிலும் 5 கிகாஹெர்ட்ஸ். அதைத் தாண்டினால் 2.4. ஐந்து வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 மெதுவானது, சுவரைத் தாண்டும். ஆனால் அக்கம்பக்கத்து வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே அலைவரிசையில்தான் இருக்கின்றன. சமையலறையில் மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் வீடியோ திக்குகிறது என்றால் நீங்கள் 2.4ல் இருக்கிறீர்கள்.

இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் போன் தானாகத் தேர்ந்துகொள்ளும். புது ரூட்டர்களில் இது ஒழுங்காக நடக்கிறது. பழையதில் போன் 2.4லேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். அப்படியானால் பெயரைப் பிரித்துவிடுங்கள்.

8. ஸ்மார்ட் பல்பு வாங்கினேன். பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறேன், சேரவே மாட்டேங்குது.

பல்பு, பிளக், மலிவு விலைக் கேமரா, பெரும்பாலான பிரிண்டர்கள் எல்லாம் 2.4 மட்டுமே தெரிந்தவை. சேர்க்கும் நேரத்தில் உங்கள் போன் 5ல் இருந்தால் செயலி குழம்பும். பெயரைப் பிரித்து, போனை 2.4ல் சேர்த்துவிட்டு முயலுங்கள். அப்படியும் சேராவிட்டால் 5ஆம் பதிலில் சொன்ன டபிள்யூபிஏ3தான் காரணமாக இருக்கும்.

9. லாஸ்பேட்டைல அபார்ட்மென்ட். பகல்ல நல்லா இருக்கு, ராத்திரி எட்டு மணிக்கு மேல இழுக்குது.

எல்லோரும் வீட்டுக்கு வந்து டிவியைப் போடும் நேரம் அது. முதலில் ரூட்டர் பக்கத்தில் நின்று 5ல் வேகத்தைப் பாருங்கள். அங்கேயும் குறைவாக இருந்தால் நெரிசல் நிறுவனத்தின் பக்கம். செட்டிங்ஸில் என்ன செய்தாலும் தீராது. அங்கே நன்றாக இருந்து 2.4ல் மட்டும் இழுத்தால், சேனலை மாற்ற வேண்டும்.

2.4ல் இங்கே 13 சேனல்கள் உண்டு. ஆனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருப்பவை 1, 6, 11 மட்டும்தான். வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போனில் போட்டுப் பார்த்து, இந்த மூன்றில் கூட்டம் குறைந்ததை எடுங்கள். 'யாரும் இல்லாத' 3ஐயோ 8ஐயோ எடுத்தால் இரண்டு பக்கத்துச் சத்தமும் உங்கள்மேல் விழும். சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். 40 வைத்தால் அபார்ட்மென்டில் உங்களுக்கும் கெடுதல், பக்கத்து வீட்டுக்கும் கெடுதல். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். அங்கே 80 மெகாஹெர்ட்ஸ் வைத்துக்கொள்ளலாம்.

10. 5 கிகாஹெர்ட்ஸ் பேரு திடீர்னு காணாமப் போகுது, கொஞ்ச நேரத்துல திரும்ப வருது. ரூட்டர் கெட்டுப்போச்சா?

கெடவில்லை. 52 முதல் 144 வரையான சேனல்கள் ரேடாரோடு பகிரப்படுபவை. ரேடார் போன்ற அலை ஒன்றைக் கேட்டால் ரூட்டர் அந்த சேனலை விட்டு விலகியே ஆக வேண்டும். அரை மணி நேரத்துக்கு அங்கே திரும்பக் கூடாது. புதிய சேனலும் இந்த வகையாக இருந்தால் குறைந்தது ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்ட பிறகே பெயரை ஒலிபரப்பும். 'ஆட்டோ' என்பதை எடுத்துவிட்டு 36, 40, 44, 48 அல்லது 149 முதல் 161 வரை ஒன்றை நிலையாக வையுங்கள். தொல்லை நின்றுவிடும்.

11. பாண்டில பழைய வீடு, சுவர் ஒன்றரை அடி. ஹால்ல ஃபுல் சிக்னல், பின்கட்டுல ஒண்ணுமே இல்ல.

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். ஆன்டெனாவின் பவரை ஏற்றுவதற்கும் விலை உயர்ந்த ரூட்டர் வாங்குவதற்கும் முன்னால் ரூட்டரை இடம் மாற்றிப் பாருங்கள். ஃபைபர் தெருப்பக்கம் நுழைவதால் வாசல் அறை மூலையில் மாட்டிவிடுகிறார்கள். பாதி சிக்னல் தெருவுக்குப் போகிறது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக எழுப்பிய தடித்த சுவர்கள் இரண்டைத் தாண்டினால் 5 கிகாஹெர்ட்ஸ் செத்துவிடும்.

முற்றம் வைத்த வீடாக இருந்தால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், மழைச்சாரல் படாத உட்பக்கமாக, ஆள் உயரத்துக்கு மேல் ரூட்டரை வையுங்கள். சிக்னல் சுவரைத் துளைக்காமல் திறந்தவெளி வழியாகவும் கதவு வழியாகவும் எல்லா அறைக்கும் போகும். கடலூர் மஞ்சக்குப்பத்துப் புது கான்கிரீட் வீடுகளில் கதை வேறு: சுவர் மெல்லியது, ஆனால் தளத்துக்குள் கம்பி. பக்கவாட்டில் நன்றாகப் போகும், மாடிக்கு ஏறாது. அங்கே மாடிப்படிக்குப் பக்கத்தில் வைப்பது பலன் தரும்.

வைக்கக் கூடாத இடங்கள்: இரும்பு பீரோவின் மேல், டிவிக்குப் பின்னால், பெரிய நிலைக்கண்ணாடி அருகில், தண்ணீர் டிரம் பக்கத்தில், மூடிய அலமாரிக்குள். ஆன்டெனாவை நேராக நிறுத்துங்கள். சிக்னல் அதன் நுனியிலிருந்து பாயாது. தண்டைச் சுற்றி மெதுவடை வடிவில் பக்கவாட்டில் பரவும். மாடிக்கும் வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் படுக்க வையுங்கள். அளந்து பார்க்க அனலைசர் செயலியில் டிபிஎம் எண்ணை, அதாவது சிக்னல் பலத்தைப் பாருங்கள்: மைனஸ் 50 அருமை, மைனஸ் 67 வரை வீடியோ கால் தாங்கும், மைனஸ் 80 என்றால் பெயர் மட்டும் தெரியும், வேலை நடக்காது.

12. இடம் மாத்தியும் மாடிக்கு வரல. ரிப்பீட்டர் வாங்கலாமா?

மாடி வரை ஒரு லேன் கேபிள் இழுக்க வழியிருந்தால் ரிப்பீட்டர் வேண்டாம். சாதாரண ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்புவதால் வேகம் பாதியாகும். சிக்னலே இல்லாத அறையில் அதை வைப்பது இன்னொரு தவறு. அங்கே அதற்கும் சிக்னல் கிடைக்காது. வாங்கியே ஆக வேண்டுமென்றால் பாதி வழியில், மைனஸ் 65 காட்டும் இடத்தில் வையுங்கள்.

கேபிள் வழி இது. பரணில் கிடக்கும் பழைய ரூட்டரை எடுத்து, ரீசெட் செய்து, கணினியோடு கேபிளில் இணையுங்கள். மெனுவில் 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இல்லையென்றால் முதலில் லேன் பக்கத்தில் அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள் (முதல் ரூட்டர் 192.168.1.1 ஆக இருந்தால்). பிறகு டிஹெச்சிபியை (சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் வேலை) அணையுங்கள். வைஃபை பெயர், பாஸ்வேர்டு, செக்யூரிட்டி மூன்றும் கீழே உள்ளதைப் போலவே; சேனல் மட்டும் வேறு, கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11. கடைசியாக முதல் ரூட்டரின் லேன் போர்ட்டிலிருந்து கேபிளை இதன் லேன் போர்ட்டில் செருகுங்கள். வான் போர்ட்டில் செருகக் கூடாது. டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் இரண்டும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும். சில போன்களில் இணையம் வரும், சிலவற்றில் வராது, காரணம் பிடிபடாது.

கேபிள் கேட்6, முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள்; அலுமினியத்துக்குச் செம்பு பூசியதும் கடைகளில் உண்டு. 100 மீட்டர் வரை தாங்கும். வெளிச்சுவரில் போகும் பகுதியைக் குழாய்க்குள் விடுங்கள், இல்லாவிட்டால் வெயிலில் உறை வெடித்துவிடும். கேபிளே முடியாது என்ற வீட்டுக்கு மெஷ் செட் (ஒரே வைஃபையாகச் சேர்ந்து ஓடும் பல பெட்டிகள்) வாங்கலாம். அதிலும் மூன்று அலைவரிசை கொண்டது நல்லது.

13. 200 பிளான் கட்டுறேன். 94க்கு மேல ஏறவே மாட்டேங்குது.

94ல் சுவர் வைத்தாற்போல் நின்றால் எங்கோ ஒரு 100 எம்பிபிஎஸ் போர்ட் அல்லது பழுதான கேபிள் இருக்கிறது. கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். கேபிள் முனையைப் பொருத்தி அழுத்தும்போது (கிரிம்ப்) ஒரு கம்பி சரியாகப் பதியாவிட்டாலும் நான்கு கம்பியில் 100க்கு இறங்கிவிடும். ஃபைபர் பெட்டிக்கும் ரூட்டருக்கும் இடையிலுள்ள கேபிளை முதலில் மாற்றிப் பாருங்கள்.

30, 40 என்று அலைந்தால் நீங்கள் 2.4ல் இருக்கிறீர்கள் (7ஆம் பதில்). '25தான் வருது' என்பவர்கள் டவுன்லோடு செயலியில் மெகாபைட் கணக்கைப் பார்த்திருக்கலாம்: 200 மெகாபிட் என்பது 25 மெகாபைட். அது முழு வேகம்தான்.

14. பேரை மறைச்சு வெச்சா, மேக் ஃபில்டர் போட்டா இன்னும் பாதுகாப்புதானே?

இரண்டும் வேண்டாம். பெயரை மறைத்தால் உங்கள் போன் போகுமிடமெல்லாம் 'அந்தப் பெயர் இங்கே இருக்கிறதா' என்று கேட்டுக்கொண்டே போகும். கவனிப்பவருக்குப் பெயர் தெரிந்துவிடும். மேக் ஃபில்டர் என்பது சாதனத்தின் அடையாள எண்ணைப் (மேக்) பார்த்து உள்ளே விடுவது. அதைப் பொறுத்தவரை, ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் சொந்த மேக் எண்ணைக் காட்டாமல் வேறு எண்ணைக் காட்டுகின்றன. நீங்கள் அனுமதித்த எண் ஒருநாள் மாறி, உங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் வெளியே நிற்பார்கள். 5, 6ஆம் பதில்களில் சொன்னதைச் செய்திருந்தால் இவற்றுக்கு வேலையில்லை.

15. டபிள்யூபிஎஸ் பட்டன் எதுக்கு? அமுக்கலாமா?

பாஸ்வேர்டு அடிக்காமல் சேர்ப்பதற்கு. பட்டன் முறை பரவாயில்லை. அதே பெயரில் வரும் எட்டு இலக்க பின் முறையை மட்டும் மெனுவில் போய் அணையுங்கள். அந்த பின்னை ரூட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிகளுக்குள் கண்டுபிடித்துவிட முடியும் என்பது 2011லேயே வெளியானது.

16. கீழ்வீட்டைக் குடித்தனத்துக்கு விட்டிருக்கோம். மேல ரெண்டு ரூமை டூரிஸ்ட்டுக்குத் தர்றோம். எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டா?

வேண்டாம். மெனுவில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று இருக்கும். அதைத் திறந்து தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு கொடுங்கள். 'உள் நெட்வொர்க்கை அணுக அனுமதி' என்ற கட்டம் அணைந்திருக்க வேண்டும். அப்போதுதான் விருந்தினரின் போனிலிருந்து உங்கள் பிரிண்டரும் கேமராவும் செட்டிங்ஸ் பக்கமும் தெரியாது. வேக வரம்பு வைக்கும் வசதி இருந்தால் மொத்தத்தில் பாதிக்கு மேல் போகாதபடி வையுங்கள், இல்லாவிட்டால் சனி, ஞாயிறு வந்தால் உங்களுக்கு மிஞ்சாது.

ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் அறைகளுக்குப் பாஸ்வேர்டை அவ்வப்போது மாற்றி, புது க்யூஆர் கோடை அச்சிட்டு ஒட்டுங்கள். உங்கள் இணைப்பில் நடப்பதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான். ஒரு கவனிப்பு: 12ஆம் பதிலில் சொன்ன பழைய ரூட்டர் வழியாக கெஸ்ட் நெட்வொர்க் கொடுத்தால் பெரும்பாலும் இந்தப் பிரிப்பு வேலை செய்யாது. முதல் ரூட்டரிலோ மெஷ்ஷிலோதான் சரியாக நடக்கும்.

17. பையனுக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல நெட்டை நிறுத்தணும்.

'பேரன்டல் கன்ட்ரோல்' பகுதியில் அவன் போனைத் தேர்ந்தெடுத்து நேரம் போடலாம். 14ல் சொன்ன மாறும் மேக் எண் இங்கே இடிக்கும்: அவன் போனின் வைஃபை செட்டிங்ஸில் உங்கள் வீட்டு இணைப்புக்கு மட்டும் 'போனின் சொந்த மேக்' என்று மாற்றிவிட்டு அதன்பிறகு நேரம் போடுங்கள். சிம்மில் வரும் டேட்டாவை ரூட்டர் நிறுத்தாது. அதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

18. பிரான்ஸ்லேர்ந்து மாமா ஒரு ரூட்டர் கொண்டாந்தார். இங்க ஓடுமா?

கடையில் வாங்கிய ரூட்டரா, அங்கத்திய நிறுவனம் இணைப்போடு கொடுத்த பெட்டியா என்று முதலில் கேளுங்கள். நிறுவனப் பெட்டி என்றால் அந்த நிறுவனத்தின் இணைப்பில் மட்டும் ஓடும்படி பூட்டியிருப்பார்கள். பொதுவாக அது வாடகைப் பொருளும்கூட, திருப்பிக் கொடுக்க வேண்டியது. கடையில் வாங்கியது என்றால் தாராளமாகப் போடலாம். அங்கேயும் 230 வோல்ட்தான். உருண்டை முள் இரண்டு கொண்ட அடாப்டர் நம் பிளக்கில் நுழையும். உள்ளே போய் நாடு 'இந்தியா' என்று மாற்றுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்ததானால் அடாப்டரில் 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகு செருகுங்கள்.

19. கரன்ட் போனா நெட்டும் போகுது. இன்வெர்ட்டர் இருந்தும் ரூட்டர் அணைஞ்சு அணைஞ்சு வருது.

இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண நேரத் தடங்கலே ரூட்டர் மறுபடி தொடங்கப் போதும். அப்புறம் இணையம் வர இரண்டு மூன்று நிமிடம். ரூட்டருக்கென்றே வரும் மினி யூபிஎஸ் வாங்குங்கள். வாங்கும் முன் ரூட்டர் அடாப்டரில் எழுதியதைப் படியுங்கள்: வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும் (பெரும்பாலும் 12, சிலவற்றில் 9), ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கலாம், முள்ளின் அளவும் பொருந்த வேண்டும். ஃபைபர் பெட்டி தனி, ரூட்டர் தனி என்றால் இரண்டுக்கும் வேண்டும். பேட்டரி 6,000 எம்ஏஹெச் என்று போட்டிருந்தால் ஏறத்தாழ 22 வாட்-அவர். எட்டு வாட் இழுக்கும் ரூட்டருக்கு இழப்பு போக இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்.

2011ல் வந்த 'தானே' புயல், 2024ல் வந்த 'ஃபெஞ்சல்' புயல் போல ஒன்று அடித்தால் எந்த யூபிஎஸ்ஸும் உதவாது. கம்பத்தில் போகும் ஃபைபரே அறுந்திருக்கும், நிறுவனத்தின் கருவிக்கும் மின்சாரம் இருக்காது. இடி மழைக்கு முன்னால் அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள். கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது என்றாலும் அதோடு தாங்கலுக்கு வரும் எஃகுக் கம்பி கடத்தும். கம்பியை ரூட்டர் வரை கொண்டுவராமல் வெளியிலேயே வெட்டிவிடச் சொல்லுங்கள்.

20. தேவனாம்பட்டினத்துல கடலுக்குப் பக்கம் வீடு. போர்ட்டெல்லாம் பச்சை பிடிக்குது.

உப்புக் காற்று. கடல் பார்த்த ஜன்னலில் ரூட்டரை வைக்காதீர்கள். பயன்படுத்தாத லேன் போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள். பச்சை பிடித்த கேபிள் நுனியைத் துடைத்துப் பயனில்லை, வெட்டிப் புது முனை போட வேண்டும். போர்ட்டுக்குள் பிடித்திருந்தால் ரூட்டரை அணைத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து முழுக்க உலரவிடுங்கள்.

21. சிவப்பு லைட் எரியுது. வைஃபை இருக்கு, நெட் இல்ல. ரீசெட் பண்ணலாமா?

கூடவே கூடாது. 'எல்ஓஎஸ்' என்ற இடத்தில் சிவப்பு எரிந்தால் ஃபைபரில் ஒளி வரவில்லை என்று பொருள். ஃபைபர் எங்காவது மடங்கியோ நசுங்கியோ இருக்கிறதா, பச்சை முனை சரியாகச் செருகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். பிறகு நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். வந்தவரிடம் ஒளி அளவைக் கேளுங்கள்: மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் வரை நல்லது. மைனஸ் 27ஐத் தாண்டினால் அடிக்கடி அறுபடும். அதைச் சரிசெய்யாமல் அனுப்பாதீர்கள்.

ரீசெட் என்பது செட்டிங்ஸ் பாஸ்வேர்டே மறந்துபோனால் செய்வது: ரூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே குண்டூசியால் சின்னத் துளையைப் பத்து நொடி அழுத்த வேண்டும். எல்லாம் அழிந்து ஸ்டிக்கரில் உள்ளது திரும்பும். நிறுவனம் தந்த பெட்டியில் 3ல் போட்டோ எடுக்கச் சொன்ன விவரங்களும் அழிந்துவிடும்; அவை கையில் இல்லாமல் அழுத்தினால் ஆள் வரும்வரை இணையம் இல்லை.

22. 'ஃபர்ம்வேர் அப்டேட்' கேக்குது. போடவா?

போடுங்கள். ஃபர்ம்வேர் என்பது ரூட்டருக்குள் ஓடும் மென்பொருள், அதிலுள்ள பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பது இந்த அப்டேட்தான். அது நடக்கும் சில நிமிடங்களுக்குள் கரன்ட் போனால் ரூட்டர் செயலற்றுப் போகலாம். அதனால் யூபிஎஸ்ஸில் இருக்கும்போது, கேபிளில் இணைத்த கணினியிலிருந்து செய்யுங்கள்.

23. வீட்டுக் கேமராவை வெளியூர்லேர்ந்து பார்க்கணும். போர்ட் ஃபார்வர்டிங் போட்டேன், திறக்கல.

போர்ட் ஃபார்வர்டிங் என்பது வெளியிலிருந்து வருவதை வீட்டுச் சாதனத்துக்குத் திருப்பிவிடுவது. ரூட்டரின் 'வான்' பக்கத்தில் உள்ள ஐபி முகவரியைப் பாருங்கள். அது 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையோ தொடங்கினால் நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. நீங்கள் உங்கள் கதவைத் திறந்தாலும் வெளிக்கதவு அவர்களிடம் பூட்டியிருக்கும். 192.168 என்று தொடங்கினால் முன்னால் இருக்கும் ஃபைபர் பெட்டியும் ஒரு ரூட்டராக ஓடுகிறது. அதை 'பிரிட்ஜ்' முறைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், அல்லது உங்கள் ரூட்டரை 12ல் சொன்னபடி ஆக்சஸ் பாயின்டாக மாற்றி, ஃபார்வர்டிங்கை ஃபைபர் பெட்டியில் போடுங்கள்.

பொது ஐபி தனிக் கட்டணத்துக்குக் கிடைக்கும். ஆனால் ஒரு கேமராவுக்காக அதை வாங்கி போர்ட்டைத் திறந்து வைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. திறந்த போர்ட்டுகளைத் தேடும் புரோகிராம்கள் இணையத்தில் இடைவிடாமல் சுற்றுகின்றன. கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகவே பாருங்கள், அதற்குப் பொது ஐபி தேவையில்லை. கேமராவோடு வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிட்டு, ரூட்டரில் யூபிஎன்பி என்ற வரியை அணைத்து வையுங்கள். கேமரா உங்களைக் கேட்காமல் தானே போர்ட் திறந்துகொள்வது அதன் வழியாகத்தான்.